ஊசி உங்கள் விரலில் ஏறிவிட்டதா? முதலில் பிள்ளையைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது. மருத்துவர் எழுதிக்கொடுத்த எபிபென் (தீவிர ஒவ்வாமை வந்தால் உடனே தொடையில் போடும், பேனா வடிவ ஊசி மருந்து) இரண்டை எப்போதும் பையில் வைத்திருப்போம். மூன்று வாரங்களுக்கு முன்பு எதையோ தின்றுவிட்டு, உடம்பெல்லாம் தடித்து, வாந்தி எடுத்து, மூச்சு இழுக்கத் தொடங்கினான். பதற்றத்தில் நான் பேனாவைத் தலைகீழாகப் பிடித்துவிட்டேன். கட்டைவிரலை முனையில் வைத்து அழுத்தியதும் ஊசி என் விரலிலேயே இறங்கிவிட்டது. என் கணவர் உடனே இரண்டாவது பேனாவை மகனுக்குப் போட்டார். அவன் தேறிவிட்டான். என் விரல் வெள்ளைவெளேரென்று ஆகி, சில்லிட்டு, உணர்வே இல்லாமல் போனது. மருத்துவமனையில் முதலில் பார்த்தவர், "வெதுவெதுப்பான நீரில் வையுங்கள், தானாகவே சரியாகும்" என்றார். அடுத்த பணிநேரத்துக்கு வந்தவர், "மாற்று மருந்து போட்டுவிடலாம்" என்று விரலில் ஊசி போட்டார். இருவரில் யார் சொன்னது சரி? "விரல் அழுகிப்போயிருக்கும், தப்பித்தாய்" என்கிறார் உறவினர் ஒருவர். கட்டைவிரல் நுனியில் இன்னும் குறுகுறுப்பு இருக்கிறது. பேனாவைத் தொடவே பயமாக இருக்கிறது. இனி கணவரே போடட்டும் என்று விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மகன் தேறிவிட்டான் என்ற வரியைப் படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. நீங்கள் கடிதம் முழுவதும் உங்கள் விரலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் எனக்கோ அந்தக் கடிதத்தில் மிக முக்கியமாகப் பட்டது, உங்கள் கணவர் இரண்டாவது பேனாவை எடுத்துப் போட்டார் என்பதுதான். இந்த விபத்தில் உண்மையான ஆபத்து விரலுக்கு இல்லை. மருந்து தேவைப்பட்டவருக்கு அது போய்ச் சேரவில்லையே, அதுதான் ஆபத்து. விரல் மணிக்கணக்கில் காத்திருக்கும். மூச்சு இழுக்கும் குழந்தையால் அப்படிக் காத்திருக்க முடியாது.

அதனால், இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து, வரிசையை முதலில் சொல்லிவிடுகிறேன். பேனா தவறான இடத்தில் இறங்கிவிட்டால், அந்தப் பேனா முடிந்துபோனது என்று வைத்துக்கொள்ளுங்கள். எபிபென்னின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே இன்னும் நிறைய மருந்து இருப்பதுபோல் தெரியும். அது மாயத்தோற்றம் அல்ல, உண்மையிலேயே இருக்கிறது. உள்ளே இருப்பது 2 மில்லி, அது வெளியே தள்ளுவதோ 0.3 மில்லிதான். மிச்சத்தை இரண்டாம் முறை போட வழியே கிடையாது. அதை உடைத்து மருந்தை உறிஞ்சி எடுக்கப் பார்த்து நேரத்தை வீணாக்கியவர்கள் உண்டு. வேண்டாம். இரண்டாவது பேனாவை எடுத்து நோயாளியின் தொடையில் போடுங்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள். இரண்டாவது பேனா இல்லையென்றால் அதே நொடியில் ஆம்புலன்ஸை அழைத்து, "தீவிர ஒவ்வாமை, மருந்து உள்ளே போகவில்லை" என்று அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். நோயாளியைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறல்தான் பெரிதாக இருக்கிறது என்றால் உட்கார வைக்கலாம். எழுந்து நிற்கவோ நடக்கவோ விடாதீர்கள். இதெல்லாம் நடந்த பிறகு உங்கள் விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் விரலுக்கு வருகிறேன். பேனாவில் இருப்பது அட்ரினலின், எபிநெஃப்ரின் என்றாலும் அதுதான். தொடைத் தசையில் போட்டால் அது சீக்கிரமாக இரத்தத்தில் கலந்து, விரிந்துகிடக்கும் இரத்தக்குழாய்களை இறுக்கி இரத்த அழுத்தத்தைத் தூக்குகிறது, மூச்சுக்குழலைத் திறக்கிறது, தொண்டை வீக்கத்தை வடியவைக்கிறது. குழாயை இறுக்கும் அதே குணம்தான் விரலில் சிக்கலாகிறது. விரலின் இரண்டு பக்கத்திலும் மெல்லிய தமனிகள் ஓடுகின்றன, நுனியில் முடிகின்றன. பெரியவர்களுக்கான பேனாவில் வரும் 0.3 மில்லிகிராம் மருந்தும் அந்தச் சின்ன இடத்தில் மொத்தமாக இறங்கினால் குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன. இரத்தம் வராத விரல் வெளுக்கிறது, குளிர்கிறது, மரத்துப்போகிறது. சிலருக்கு ஊசி இறங்கிய இடம் மட்டும் வெளுக்கும், சிலருக்கு விரல் முழுவதும். கூடவே படபடப்பு, கைநடுக்கம், தலைவலி வரலாம். அதில் எவ்வளவு மருந்தினால், எவ்வளவு பயத்தினால் என்று பிரிக்க எங்களாலேயே முடிவதில்லை.

விரல் அழுகிவிடும் என்று உங்கள் உறவினர் சொன்னது அவராகக் கட்டிவிட்ட கதை இல்லை. பல தலைமுறை மருத்துவ மாணவர்களுக்கு விரல், மூக்கு, காது, கால்விரல் ஆகிய இடங்களில் அட்ரினலின் போடவே கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டவை பெரும்பாலும் 1950-க்கு முந்தைய நிகழ்வுகள். அப்போது மரத்துப்போகச் செய்யப் பயன்பட்ட புரோக்கெய்ன் நாள்பட்டால் அமிலத்தன்மை ஏறிக் கெட்டுவிடும், விரல்களைக் கெடுத்தது அதுதான் என்பது பின்னாளில் இதைத் தோண்டிப் பார்த்தவர்களின் முடிவு. கனடாவைச் சேர்ந்த கை அறுவை நிபுணர் டொனால்ட் லலோண்டும் அவரது சக மருத்துவர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், விரலிலும் கையிலும் நீர்த்த அட்ரினலின் போட்டுச் செய்த 3,110 சிகிச்சைகளில் ஒரு விரல்கூடச் செத்துப்போகவில்லை. இன்று உலகம் முழுவதும் கை அறுவை சிகிச்சைகளில் அட்ரினலினை வேண்டுமென்றே விரலில் போடுகிறார்கள்.

"அது நீர்த்த மருந்தாயிற்றே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அறுவையில் வழக்கமாகப் போடுவது லட்சத்தில் ஒரு பங்கு. பேனாவில் இருப்பது ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது நூறு மடங்கு செறிவு. ஆனால் இந்தச் செறிவுக்கும் பதில் இருக்கிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு அட்ரினலின் விரலில் இறங்கிய 59 நிகழ்வுகளை மருத்துவ இதழ்களிலிருந்து திரட்டி 2007-இல் ஒரு குழு ஆராய்ந்தது. எந்த விரலும் அழுகவில்லை. 2010-இல் வெளியான இன்னோர் ஆய்வு, அமெரிக்காவின் டெக்சஸ் மாநில நச்சு ஆலோசனை மையங்களுக்கு வந்த அழைப்புகளைப் பார்த்தது. விரலில் ஊசி இறங்கி, கடைசிவரை தொடர்ந்து கவனிக்கப்பட்ட 127 பேரும் முழுமையாகக் குணமடைந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு மாற்று மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை.

விரல் எப்படி இவ்வளவு தாங்குகிறது என்பதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. இரத்தம் இல்லாமல் சீக்கிரம் சாவது தசை. விரலில் எலும்பும் தசைநாணும் தோலும் கொழுப்பும் உண்டு, தசை கிடையாது. விபத்தில் துண்டான விரலைக் குளிர வைக்காமல் கொண்டுவந்தாலும் சுமார் 12 மணி நேரம் வரை மீண்டும் பொருத்திப் பார்க்கலாம் என்பது அறுவை நிபுணர்களின் கணக்கு. அட்ரினலினின் பிடியோ பெரும்பாலோருக்குச் சில மணி நேரங்களில் தளர ஆரம்பித்துவிடும். அதுவும் இரத்த ஓட்டம் அடியோடு நிற்பது அபூர்வம், பெரும்பாலும் கொஞ்சமாவது கசிந்துகொண்டுதான் இருக்கும்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. இரண்டு மருத்துவர்களும் சரி. அவர்கள் பார்த்த நேரம் வேறு, விரல் இருந்த நிலையும் வேறாக இருந்திருக்கும்.

முதலாமவர் சொன்ன வெதுவெதுப்பான நீர்தான் எல்லோருக்கும் முதல் சிகிச்சை. சூடு குழாயைத் தளர்த்துகிறது. கூடவே விரலை அடியிலிருந்து நுனி நோக்கி மெதுவாகத் தடவிவிடுவோம். இதில் ஒரு கண்டிப்பு உண்டு. மரத்துப்போன விரலுக்குச் சூடு தெரியாது. நீரின் சூட்டை மற்றக் கையால்தான் பார்க்க வேண்டும். இரத்த ஓட்டம் திரும்பட்டும் என்று கொதிநீரில் விரலை விட்டு, அட்ரினலின் செய்யாத சேதத்தை வெந்நீர் செய்துவிடுவது எனக்குப் பெரிய கவலை. அதேபோல் ஐஸ் வைக்கக் கூடாது, அது குழாயை இன்னும் இறுக்கும். விரலைக் கட்டக் கூடாது, கீறிப் பிதுக்கக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. ஊசி எலும்பில் மாட்டி வளைந்து, வெளியே வராமல் நிற்பதும் உண்டு, குறிப்பாகக் குழந்தைகளின் விரலில். அப்போது திருகியோ இழுத்தோ பார்க்காமல், பேனாவோடு கையை அசையாமல் பிடித்தபடி மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, மரத்துப்போக மருந்து போட்டு எடுத்துவிடுவோம்.

நாங்கள் விரலில் பார்ப்பது என்ன என்பதையும் சொல்கிறேன், நீங்களே பார்த்திருப்பீர்கள். நகத்தின் மேல் அழுத்தி விடுவோம். அழுத்தும்போது வெளுக்கும் நகம், விட்டதும் இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பாக வேண்டும். மற்றக் கையின் அதே விரலோடு ஒப்பிடுவோம். ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை விரலில் மாட்டினால் இரத்த ஓட்டம் இல்லாத விரலில் அது எண் காட்டத் திணறும். நிறம் கொஞ்சமாவது திரும்பிக்கொண்டிருந்தால் காத்திருக்கலாம். வெதுவெதுப்பில் வைத்துப் பார்த்தும் விரல் வெளுப்பாகவே நின்றால், நகம் சிவக்காவிட்டால், வலி கூடினால், மாற்று மருந்துக்கு நேரம் வந்துவிட்டது.

அந்த மாற்று மருந்தின் பெயர் ஃபென்டோலமின். அட்ரினலின் குழாயின் சுவரில் எந்த இடத்தைப் பற்றிக்கொண்டு இறுக்குகிறதோ, அந்த இடத்தையே இது அடைத்துவிடுகிறது. அதனால் ஊசி இறங்கிய இடத்திலேயே தோலுக்கடியில் சிறிதளவு போடுகிறோம். வேலை செய்தால் சில நிமிடங்களிலேயே வெளுப்பின் ஓரங்களில் சிவப்பு பரவுவதைக் கண்ணால் பார்க்கலாம். தன்னார்வலர்களின் விரல்களில் நீர்த்த அட்ரினலின் போட்டுச் செய்த ஒரு கனடிய ஆய்வில், ஃபென்டோலமின் போட்ட விரல் இயல்பு நிறத்துக்குத் திரும்பச் சராசரியாக 85 நிமிடம் ஆனது, போடாத விரலுக்கு 320 நிமிடம். இரண்டுமே திரும்பின என்பதையும் கவனியுங்கள். மருந்து விரலைக் காப்பாற்றியது என்பதைவிட, காத்திருக்கும் நேரத்தையும் வலியையும் குறைத்தது என்பதே சரி. இரத்த அழுத்தம் தணிவது, இதயம் வேகமாகத் துடிப்பது ஆகியவை இதன் பக்கவிளைவுகள். விரலில் போடும் சிறிய அளவில் அவை பெரிதாக வருவதில்லை என்றாலும், போட்ட பிறகு கொஞ்ச நேரம் உட்கார வைத்துக் கவனிப்போம்.

எல்லா மருத்துவமனைகளிலும் ஃபென்டோலமின் கையிருப்பில் இருக்காது. அப்போது ஆஸ்துமாவுக்குப் பயன்படும் டெர்பியூட்டலினை விரலில் போட்டுப் பலன் கண்டதாகப் பதிவுகள் உண்டு. நைட்ரோகிளிசரின் களிம்பைத் தடவுபவர்களும் இருக்கிறார்கள். அதன் பலன் ஒருசீராக இல்லை. ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரை எடுத்தவர்களுக்கு அதைத் தடவினால் இரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கலாம். அதைப் பற்றிக் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், விரல் தெளிவாக வெளுத்து, வெதுவெதுப்பான நீரில் வைத்தும் மாறவில்லை என்றால் நான் மாற்று மருந்து போடும் பக்கம்தான். எப்படியும் விரல் போகாது என்பதற்காக ஒருவரை ஐந்தாறு மணி நேரம் வலியோடும் பயத்தோடும் உட்கார வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதுவும் பக்கத்துக் கட்டிலில் அவருடைய பிள்ளை படுத்திருக்கும்போது. விரல் நன்றாகச் சிவந்திருக்கிறது, ஊசி குத்திய புள்ளி மட்டும் வெளுத்திருக்கிறது என்றால் இன்னொரு ஊசியை அதில் ஏற்றத் தேவையில்லை. ரேனாட் பிரச்சினை, அதாவது குளிரில் விரல்கள் தானாக வெளுக்கும் தன்மை உள்ளவர்கள், கைகால் இரத்தக்குழாய் நோய் உள்ளவர்கள், நீண்டகால நீரிழிவு உள்ளவர்கள், அதிகம் புகைப்பவர்கள், ஒற்றைத் தலைவலிக்கு எர்காட் வகை மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு நான் பொறுத்துப் பார்க்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்வேன். இதய நோய் உள்ளவர்கள், விளையாடும்போது பேனாவை அழுத்திவிட்ட சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள் ஆகியோர் விரல் எப்படி இருந்தாலும் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். அவர்களிடம் விரலைவிட இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும்தான் முதலில் பார்ப்போம்.

இரத்தம் திரும்பும்போது விரல் சிவந்து, துடித்து, எரிச்சலாக வலித்ததா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை, ஆனால் பலருக்கும் வரும். நிலைமை மோசமாகிறது என்று அப்போது பயந்துபோகிறார்கள். அது நல்ல வலி, இரத்தம் வந்துவிட்டதன் அடையாளம். சாதாரண வலி மாத்திரை போதும்.

நுனியில் நிற்கும் குறுகுறுப்புக்குக் காரணம் அங்குள்ள மெல்லிய நரம்புகள் இரத்தமில்லாமல் கொஞ்ச நேரம் பட்டினி கிடந்ததுதான். ஊசியே ஒரு நரம்பை உரசியும் இருக்கலாம். வாரக்கணக்கில் நீடித்துப் பிறகு மறைந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. மூன்று வாரத்தில் குறுகுறுப்பு மட்டுமே மிச்சம் என்பது எனக்கு நம்பிக்கையையே தருகிறது. நாளுக்கு நாள் குறைகிறதா என்று மட்டும் பாருங்கள். குறையாமல் கூடினால், விரலை மடக்கக் கடினமாக இருந்தால், குத்திய இடம் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால், தோல் கறுத்தால், தாமதிக்காமல் காட்டுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று நினைவில்லை என்றால் அதையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நேராத, ஆனால் மற்றவர்கள் அறிய வேண்டிய ஒன்று. பேனா முதலில் நோயாளியின் தொடையில் இறங்கி, எடுக்கும்போது அதே ஊசி உதவியவரின் விரலில் குத்தினால் விஷயம் வேறு. அது இன்னொருவரின் இரத்தம் பட்ட ஊசி. உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவிவிட்டு, மருத்துவமனையில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. பற்றிய பரிசோதனையும் தேவைப்பட்டால் தடுப்பு மருந்தும் அதற்கு உண்டு, அதைக் காலம் தாழ்த்தாமல் தொடங்க வேண்டும்.

உங்கள் கடைசிக் கேள்விக்குத்தான் நான் அழுத்தமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். கணவரே போடட்டும் என்று விடாதீர்கள். அடுத்த முறை அவர் வெளியூரில் இருக்கலாம். மருந்து போடத் தாமதமாவதுதான் தீவிர ஒவ்வாமையில் உயிரைக் குடிப்பது. தவறாகப் போட்டுவிடுவோமோ என்று தயங்கி நிற்பதைவிட, போட்டுவிடுவதே பிள்ளைக்கு நல்லது. நீங்கள் அன்று தயங்கவில்லை. பேனாவின் திசைதான் தவறியது.

அது ஏன் தவறியது என்றும் பாருங்கள், இதில் உங்கள் பதற்றம் மட்டும் காரணமில்லை. நீல மூடியைக் கழற்றினால் அந்தப் பக்கம் திறந்துவிட்டது, ஊசி அங்கேதான் வரும் என்று கை தானாக நினைக்கிறது. எந்தப் பேனாவை எடுத்தாலும் எழுதும் முனை மூடிக்கு உள்ளேதானே இருக்கிறது. எபிபென்னில் நீல மூடி வெறும் பாதுகாப்புப் பூட்டு, ஊசி வருவது எதிர்ப்பக்கத்து ஆரஞ்சு முனையில். நீங்கள் ஆரஞ்சு முனையைப் பொத்தான் என்று நினைத்துக் கட்டைவிரலால் அழுத்தியிருக்கிறீர்கள். இதே இடத்தில் பயிற்சி பெற்ற செவிலியர்களும் மருத்துவர்களும் தடுமாறியிருக்கிறார்கள். இன்னொரு சங்கடம், எல்லா நிறுவனங்களின் பேனாவும் ஒன்றுபோல் இல்லை. ஜெக்ஸ்டில் மூடி மஞ்சள், ஊசி முனை கறுப்பு. எமரேட், ஆவி-க்யூ இரண்டிலும் மூடியைக் கழற்றும் பக்கத்திலேயே ஊசி வருகிறது. எனவே மருந்துக் கடையில் வேறு பேனா கொடுத்தால், பழைய பழக்கத்தை நம்பாமல், அந்தப் பேனாவுக்கான முறையை அன்றே கற்றுக்கொள்ளுங்கள்.

பிடிக்கும் விதம் மட்டும் எபிபென்னுக்கும் ஜெக்ஸ்டுக்கும் பொது. நடுப்பகுதியை முஷ்டியாக மூடிப் பிடியுங்கள். கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் படிந்திருக்க வேண்டும், எந்த முனையின் மேலும் ஏறக் கூடாது. அழுத்த வேண்டிய பொத்தான் இவற்றில் கிடையாது, தொடையோடு சேர்த்து அழுத்தும்போது ஊசி தானாகப் பாயும். மூடியை மற்றக் கையால் நேராக இழுங்கள். பிள்ளையின் காலை அசையாமல் நன்றாகப் பிடித்துக்கொண்டு, தொடையின் வெளிப்பக்க நடுவில், உடையின் மேலேயே, கிளிக் என்று கேட்கும்வரை அழுத்தி, குறிப்பில் சொன்ன நொடிகள்வரை வைத்திருங்கள். எபிபென்னுக்கு இப்போது 3 நொடி. துள்ளும் காலில் ஊசி இழுபட்டால் தோல் கிழியும், அதனால்தான் காலைப் பிடிக்கச் சொல்கிறேன்.

ஊசி இல்லாத பயிற்சிப் பேனாவைக் கேட்டு வாங்குங்கள். மாதம் ஒருமுறை நீங்களும் கணவரும் மாறி மாறித் தொடையில் அழுத்திப் பாருங்கள். உங்கள் மகனும் செய்யட்டும், 9 வயதில் அவன் அழகாகக் கற்றுக்கொள்வான். ஆனால் பயிற்சிப் பேனாவையும் உண்மைப் பேனாவையும் ஒரே பையில் வைக்காதீர்கள். இரண்டையும் மாற்றி எடுத்து விரலில் ஏற்றிக்கொண்டவர்களும் உண்டு, அதைவிட மோசமாக, நெருக்கடியில் பயிற்சிப் பேனாவைப் பிள்ளைக்குப் போட்டுவிட்டுக் காத்திருக்க நேரலாம்.

அன்று இரண்டு பேனாவும் தீர்ந்துவிட்டன அல்லவா? புதிய இரண்டை இன்னும் வாங்கவில்லை என்றால், இந்தப் பதிலைப் படித்த கையோடு மருத்துவரிடம் போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள்.